தடுப்புப் போர்: நாளைய ஆபத்துக்கு இன்றே குண்டு போடலாமா?

ஒரு நாடு முதலில் குண்டு வீசுகிறது. அன்று மாலையே அதன் செய்தித் தொடர்பாளர் வந்து "இது தற்காப்பு நடவடிக்கை" என்கிறார். எதிரி இன்னும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லையே, எதிலிருந்து தற்காப்பு என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அவர்கள் தாக்கக் கிளம்பிவிட்டார்கள், நாங்கள் சில மணி நேரம் முந்திக்கொண்டோம்" என்பது ஒன்று. "விட்டுவைத்தால் ஐந்தாறு வருடத்தில் எங்களை அழிக்கும் பலம் அவர்களுக்கு வந்துவிடும், அதற்குள் முடித்துவிட்டோம்" என்பது இன்னொன்று. மேலோட்டமாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதலாவது முந்து தாக்குதல், இரண்டாவது தடுப்புப் போர். சர்வதேச சட்டத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

வித்தியாசம் கால அளவில் மட்டும் இல்லை, காட்ட முடிகிற சான்றிலும் இருக்கிறது. முந்திக்கொண்டோம் என்று சொல்லும் அரசு கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளைக் காட்ட முடியும்: விடுப்பில் போன வீரர்கள் திரும்ப அழைக்கப்பட்டிருப்பார்கள், எல்லையோரம் எரிபொருள் லாரிகளும் கள மருத்துவமனைகளும் வந்து சேர்ந்திருக்கும், ஏவுகணைகள் ஏவுதளத்துக்கு வந்திருக்கும். தடுப்புப் போரில் இவை எதுவும் இருக்காது. எதிரிக்கு இன்ன திறன் வரப்போகிறது, வந்தால் அதை நம்மீது பயன்படுத்துவான், வேறு எந்த வழியிலும் அதைத் தடுக்க முடியாது என்று மூன்று ஊகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று தவறினாலும் மொத்தமும் சரிந்துவிடும்.

எப்படித் தோன்றுகிறது இந்த எண்ணம்?

போர்வெறி பிடித்தவர்கள்தான் இப்படி யோசிப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பலம் குறைந்துகொண்டு வருகிறது என்று உணரும் எந்த அரசுக்கும் இந்த எண்ணம் வரும். 1914 மே மாதம் ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே, வெளியுறவுச் செயலர் யாகோவிடம் பேசியது இதற்கு நல்ல உதாரணம். இரண்டு மூன்று வருடத்தில் ரஷ்யா தன் ராணுவ விரிவாக்கத்தை முடித்துவிடும், அதன்பிறகு சமாளிக்க முடியாது, இப்போதென்றால் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம், ஆகவே போரை இப்போதே வரவழைப்பது நல்லது என்பது அவர் வாதம். ரஷ்யாவின் அந்தத் திட்டம் 1917-ல் முடிவதாக இருந்தது. யாகோ அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில், முதல் உலகப் போருக்கு இட்டுச்சென்ற நெருக்கடி வெடித்தபோது பெர்லினில் அதே பயம்தான் வேலை செய்தது. ரஷ்யா அன்று ஜெர்மனியைத் தாக்கத் தயாராக இருந்ததா இல்லையா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதன் அடியில் ஒரு நம்பிக்கைச் சிக்கல் இருக்கிறது. வளர்ந்துவரும் நாடு "பலம் வந்த பிறகும் உன்னிடம் வம்புக்கு வர மாட்டேன்" என்று மனப்பூர்வமாகவே சத்தியம் செய்யலாம். ஆனால் பத்து வருடம் கழித்து வரப்போகும் அரசை அந்தச் சத்தியம் கட்டுப்படுத்தாது. மீறினால் தட்டிக்கேட்க மேலே ஒரு போலீஸும் இல்லை. ஆகவே இன்று பலமாக இருப்பவன், நாளைய வாக்குறுதியைவிட இன்றைய பலத்தை நம்புகிறான். ஆயுத ஆய்வு, உடன்படிக்கை, மூன்றாம் தரப்பு உத்தரவாதம் எல்லாம் இந்த இடத்தை நிரப்பத்தான் உருவாக்கப்பட்டவை. அவை பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் தடுப்புப் போர்ப் பேச்சு தலைதூக்கும்.

கணக்கைக் கொஞ்சம் எண்ணால் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டிடமிருந்து பத்து வருடத்துக்குள் தாக்குதல் வர ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா ஒதுக்கிவிடக்கூடிய எண் இல்லை இது. அப்படியிருந்தும் இதே போன்ற ஐந்து நிலைமைகளில் ஐந்து தடுப்புப் போர்கள் தொடங்கினால், அவற்றில் நான்கு ஒருநாளும் வந்திருக்காத ஆபத்துக்காக நடந்தவை. எந்த நான்கு என்பது கடைசிவரை தெரியாது. போர் நடந்துவிட்டால், நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இதனால்தான் தடுப்புப் போரைத் தொடங்கிய தலைவர்கள் தோற்றுப்போன பிறகும் "நல்லவேளை செய்தோம்" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஒரு நீராவிப் படகு கொடுத்த அளவுகோல்

"எவ்வளவு அருகில் வந்தால் உடனடி ஆபத்து?" இன்றும் இந்தக் கேள்விக்குச் சட்ட வல்லுநர்கள் திரும்பத் திரும்ப எடுக்கும் அளவுகோல், 1837 டிசம்பர் 29 இரவு நயாகரா ஆற்றில் எரிந்த ஒரு படகிலிருந்து வந்தது. கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய கிளர்ச்சியாளர்கள் ஆற்றின் நடுவே நேவி தீவைப் பிடித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கரையிலிருந்த அனுதாபிகள் 'கரோலைன்' என்ற நீராவிப் படகில் அவர்களுக்கு ஆளும் பொருளும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் சிறு படகுகளில் ஆற்றைக் கடந்து, நியூயார்க் மாநிலக் கரையில் கட்டியிருந்த கரோலைனைக் கைப்பற்றி, தீ வைத்து, அருவியை நோக்கி மிதக்கவிட்டார்கள். ஒரு அமெரிக்கர் கொல்லப்பட்டார்.

தற்காப்புக்காகச் செய்தோம் என்றது லண்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் 1841-ல் எழுதிய பதில்தான் இதில் முக்கியம். அப்படியானால் தற்காப்பின் தேவை அந்தக் கணமே எழுந்ததாக, மிகக் கடுமையானதாக, வேறு வழியைத் தேர்ந்தெடுக்கவோ நின்று யோசிக்கவோ நேரம் தராததாக இருந்ததைக் காட்டுங்கள் என்று அவர் கேட்டார். செய்த காரியமும் தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்றார். 1842-ல் பிரிட்டிஷ் தூதர் ஆஷ்பர்டன் இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு, எங்கள் செயல் அதற்குள் அடங்கும் என்று வாதாடினார். விவகாரம் அத்தோடு தணிந்தது.

அது போரே சட்டவிரோதமாக இல்லாத காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கரோலைனில் வந்தது எதிரி அரசின் படையும் இல்லை. ஒரு சமரசக் கடிதத்தின் வாசகம் பிற்காலத்தில் இவ்வளவு கனத்தைச் சுமக்கும் என்று வெப்ஸ்டர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அது நிலைத்துவிட்டது. 1940 ஏப்ரலில் நார்வேயைப் பிடித்தது பிரிட்டன் அங்கே இறங்குவதைத் தடுக்கத்தான் என்று நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் ஜெர்மன் தரப்பு வாதிட்டபோது, 1946 தீர்ப்பு இதே அளவுகோலை எடுத்துக்காட்டி வாதத்தைத் தள்ளியது.

சாசனம் என்ன சொல்கிறது

1928-ல் பாரிஸில் கையெழுத்தான கெல்லாக்-பிரியான் ஒப்பந்தம் போரைத் தேசியக் கொள்கையின் கருவியாகப் பயன்படுத்துவதைக் கைவிடுவதாக அறிவித்தது. அமல்படுத்தும் வழி எதுவும் அதில் இல்லை. 1945-ன் ஐ.நா. சாசனம் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. அதில் மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். பிரிவு 2(4): எந்த நாடும் இன்னொரு நாட்டின் எல்லைக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது. பிரிவு 42: தேவைப்பட்டால் பாதுகாப்பு கவுன்சில் படைபலத்துக்கு அனுமதி தரலாம். பிரிவு 51: ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால், கவுன்சில் தலையிடும்வரை தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளும் இயல்பான உரிமை உண்டு, எடுத்த நடவடிக்கையை உடனே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சண்டை முழுவதும் பிரிவு 51-ல்தான். "தாக்குதல் நிகழ்ந்தால்" என்று எழுதியிருக்கிறது, ஆகவே முதல் அடி விழுந்த பிறகுதான் உரிமை பிறக்கும் என்கிறது ஒரு தரப்பு. "இயல்பான உரிமை" என்றும் எழுதியிருக்கிறது, அதாவது சாசனத்துக்கு முன்பிருந்த கரோலைன் உரிமை அப்படியே தொடர்கிறது, உடனடித் தாக்குதலை முந்தலாம் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பின் பக்கம் நியாயம் அதிகம் என்று சொல்லலாம். ஏவுகணை வானில் ஏறிய பிறகுதான் திருப்பி அடிக்கலாம் என்ற விதியை எந்த அரசும் பின்பற்றாது. ஆனால் இந்த இரண்டு தரப்புமே தடுப்புப் போரை ஏற்கவில்லை. நடக்கும் விவாதம் எல்லாம் முந்து தாக்குதலைப் பற்றியது. தடுப்புப் போர் இரண்டு வாசிப்புக்கும் வெளியே நிற்கிறது. ஒரே விதிவிலக்கு பாதுகாப்பு கவுன்சில். அமைதிக்கு அச்சுறுத்தல் என்று கருதினால் இன்னும் உருவாகாத ஆபத்துக்கு எதிராகக்கூட அது அனுமதி தரலாம். 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் வீட்டோ போடக் கூடாது. தடுப்புப் போர் விரும்பும் நாடுகள் ஏன் அங்கே போவதில்லை என்பது இதிலிருந்தே புரியும்.

தொட்டுப் பார்த்த தருணங்கள்

சோவியத் யூனியன் 1949-ல் அணுகுண்டைச் சோதித்த பிறகு, அது வளர்வதற்குள் முடித்துவிடலாம் என்ற பேச்சு வாஷிங்டனில் வெளிப்படையாகவே கேட்டது. 1950 ஆகஸ்டில் கடற்படைச் செயலர் ஃபிரான்சிஸ் மாத்யூஸ் அந்தத் தொனியில் பாஸ்டனில் பேசியதும், அது அரசின் கொள்கை இல்லை என்று ட்ரூமன் நிர்வாகம் மறுத்தது. சில நாளில் இதே கருத்தைப் பேசிய ஒரு விமானப்படை ஜெனரல் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியிலும், குண்டு வீசச் சொன்னவர்களை மீறி கென்னடி கடல்வழித் தடையைத் தேர்ந்தெடுத்தார். அப்போது அமெரிக்கச் சட்ட ஆலோசகர்கள் பிரிவு 51-ஐ வேண்டுமென்றே தொடவில்லை, வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் கூட்டமைப்பான அமெரிக்க நாடுகள் அமைப்பின் தீர்மானத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். நாம் இன்று தற்காப்பின் எல்லையை நீட்டினால் நாளை அதே நீட்டலை எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது.

1967 ஜூன் 5 அன்று இஸ்ரேல் எகிப்தின் விமானத் தளங்களைத் தாக்கியதை முந்து தாக்குதலுக்குப் பாடநூல் உதாரணமாகச் சொல்வார்கள். எகிப்து, இஸ்ரேலின் தெற்குக் கடல்வழியான டிரான் நீரிணையை மூடியிருந்தது, ஐ.நா. படையை வெளியேற்றியிருந்தது, சினாய் பாலைவனத்தில் படையைக் குவித்திருந்தது. ஆனால் அன்று பாதுகாப்பு கவுன்சிலில் இஸ்ரேல் தூதர், எகிப்தியப் படைகள்தான் முதலில் நகர்ந்தன என்றார். எகிப்து அதிபர் நாசர் உண்மையில் தாக்கியிருப்பாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

தடுப்புத் தாக்குதல் என்று தயங்காமல் சொல்லக்கூடிய நிகழ்வு 1981 ஜூன் 7-ல் நடந்தது. பாக்தாதுக்கு அருகே பிரான்ஸின் உதவியோடு கட்டப்பட்டுவந்த ஒசிராக் அணு உலையை இஸ்ரேலின் எட்டு எஃப்-16 விமானங்கள் அழித்தன. ஈராக் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் உறுப்பினர், உலை சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருந்தது. (இதே உலையை ஈரான் 1980 செப்டம்பரில் ஒருமுறை தாக்கியிருந்தது என்பது இன்று படிக்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும்.) இஸ்ரேலின் வாதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஈராக் நாளை தாக்கப்போகிறது என்று அது சொல்லவில்லை. சில வாரங்களில் உலையில் எரிபொருள் ஏற்றப்படும், அதன்பிறகு குண்டு போட்டால் கதிரியக்கம் பரவும், ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு என்றது. அதாவது, உடனடியாக இருந்தது எதிரியின் தாக்குதல் இல்லை, தாக்குபவரின் வாய்ப்பு நழுவப்போவது. பின்னாளில் வந்த எல்லாத் தடுப்பு வாதங்களும் இந்த இடமாற்றத்தைத்தான் செய்கின்றன.

அன்று உலகம் அதை ஏற்கவில்லை. அமெரிக்கா உட்பட 15 உறுப்பினர்களும் சேர்ந்து, தீர்மானம் 487-ல் தாக்குதலைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

2003: சொன்ன காரணமும் எழுதிக்கொடுத்த காரணமும்

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு காற்று மாறியது. 2002 செப்டம்பரில் வெளியான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு வியூக ஆவணம், பயங்கரவாதிகளும் பேரழிவு ஆயுதங்களும் சேரும் காலத்தில் 'உடனடி ஆபத்து' என்பதன் பொருளை மாற்றியமைக்க வேண்டும் என்றது, எதிரி எப்போது எங்கே தாக்குவான் என்பது நிச்சயமில்லாதபோதும் முந்திச் செயல்படலாம் என்றது. முந்து தாக்குதல் என்ற பெயரில் அது முன்வைத்தது தடுப்புப் போரையே.

ஆறு மாதத்தில் ஈராக் போர் தொடங்கியது. தொலைக்காட்சியில் பேசியது வேறு, 2003 மார்ச் 20 அன்று பாதுகாப்பு கவுன்சிலுக்கு அமெரிக்கா எழுதிக்கொடுத்தது வேறு. கடிதத்தில் தடுப்புப் போர்க் கொள்கை முன்னிறுத்தப்படவில்லை. 1990-ன் தீர்மானம் 678 குவைத்தை மீட்கப் படைபலத்தை அனுமதித்தது, 1991-ன் 687 ஆயுதக் களைவை நிபந்தனையாக்கிப் போர்நிறுத்தம் தந்தது, நிபந்தனை மீறப்பட்டதை 2002 நவம்பரின் 1441 உறுதிசெய்தது, ஆகவே பழைய அனுமதி மறுபடி உயிர்பெற்றது என்று சுற்றிவளைத்து ஒரு வாதம் கட்டப்பட்டது. பிரிட்டனின் அட்டர்னி ஜெனரல் மார்ச் 7 அன்று தந்த ரகசிய ஆலோசனையிலும், முந்து தாக்குதலை விரிவாக அனுமதிக்கும் கோட்பாடு எதையும் சர்வதேச சட்டம் அங்கீகரிக்கவில்லை என்றே எழுதியிருந்தார். பேரழிவு ஆயுதக் கிடங்குகள் ஈராக்கில் இல்லை என்பதை அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு 2004-ல் உறுதிசெய்தது.

அதே 2004 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த உயர்மட்டக் குழு, உடனடித் தாக்குதலை முந்தலாம், ஆனால் உடனடியல்லாத ஆபத்தென்றால் சான்றோடு பாதுகாப்பு கவுன்சிலிடம்தான் போக வேண்டும் என்றது. ஒருவருக்கு இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுத்ததாகிவிடும் என்ற காரணத்தையும் சொன்னது. அணிசேரா இயக்க நாடுகள் இன்னும் கறாராக நின்றன. பிரிவு 51-க்குப் புதுப் பொருள் சொல்வதையே அவை எதிர்த்தன.

எழுத்து மாறாமல் நெறி மாறுவது எப்படி

சாசனத்தின் பிரிவு 51-ல் 1945-லிருந்து ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் நடைமுறையில் அதன் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சர்வதேச வழக்காற்றுச் சட்டம் இரண்டு பொருட்களால் ஆனது: நாடுகள் தொடர்ந்து செய்வது, அதைச் சட்டப்படி சரி என்று நம்பிச் செய்வது. ஆகவே ஒரு தாக்குதலுக்குப் பிறகு மூன்று பேரைக் கவனிக்க வேண்டும். தாக்கியவர் என்ன காரணம் சொல்கிறார், மற்ற அரசுகள் என்ன பதில் சொல்கின்றன, யார் வாய்மூடி இருக்கிறார்கள். மூன்றாவதுதான் பலருக்குத் தவறிப்போகும்.

1986-ல், அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் ஒரு நுட்பமான விஷயம் சொன்னது. விதியை மீறிய நாடு, விதியே தவறு என்று சொல்லாமல், விதிக்குள் இருக்கும் விலக்கைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தால், அது விதியைப் பலப்படுத்தவே செய்கிறது. அந்தக் கண்ணோட்டத்தில் 2003 கடிதம் தடுப்புப் போருக்கு எதிரான சாட்சி. இவ்வளவு பலமுள்ள நாடே அந்தக் கொள்கையைச் சட்ட வாதமாக வைக்கத் துணியவில்லை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லோரும் விலக்கின் வழியாகவே நுழைந்தால், விலக்கு அகன்றுகொண்டே போகும். நீதிமன்றத்தின் தர்க்கம் இந்த ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுகிறது என்றே தோன்றுகிறது.

அகன்றதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் அல் கிபார் என்ற இடத்தில் கட்டடம் ஒன்றை இஸ்ரேல் அழித்தது. அது அணு உலையாக இருந்திருக்க மிகுந்த வாய்ப்புள்ளது என்று அணுசக்தி முகமை 2011-ல் முடிவுக்கு வந்தது. 1981 போலக் கண்டனத் தீர்மானம் எதுவும் வரவில்லை. உலை இருந்ததையே மறுத்த சிரியா பெரிதாகச் சத்தம் போடவில்லை, இஸ்ரேலும் 2018 வரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மௌனம் சம்மதமா, வெறும் சௌகரியமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம் 'உடனடி' என்ற சொல்லையே இழுத்து நீட்டினார்கள். ட்ரோன் தாக்குதல்கள் பற்றி 2013-ல் கசிந்த அமெரிக்க நீதித் துறைக் குறிப்பு, குறிப்பிட்ட ஒரு தாக்குதல் சீக்கிரமே நடக்கும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லாவிட்டாலும் ஆபத்து உடனடியானதாக இருக்கலாம் என்றது. பிரிட்டனின் அட்டர்னி ஜெனரல் 2017-ல் ஏற்ற அளவுகோல்கள் ஐந்து: ஆபத்தின் தன்மையும் நெருக்கமும், தாக்குதல் நடக்கும் சாத்தியம், ஏற்கெனவே நடந்த தாக்குதல்களின் தொடர்ச்சியா என்பது, நேரக்கூடிய சேதம், பிறகு தடுக்க வேறு வாய்ப்பு கிடைக்குமா என்பது. கடைசி அளவுகோலைப் பாருங்கள். 1981-ல் ஒருமனதாக நிராகரிக்கப்பட்ட கடைசி வாய்ப்பு வாதத்தின் சாயல் அதில் தெரிகிறது.

நீட்டிய சொல் யார் கையிலும் போகும். 2022 பிப்ரவரி 24 அன்று புதின் உக்ரைன் மீது படையெடுப்பை அறிவித்த உரையில், வேறு வழி விடப்படவில்லை என்றார், பிரிவு 51-ஐயும் சொன்னார். ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் அதற்கு எதிராக வாக்களித்தன, 5 ஆதரவாக நின்றன, 35 விலகி நின்றன. 2025 ஜூன் 13-ல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது, ஜூன் 22-ல் அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுத் தளங்களில் குண்டு வீசியது. ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்தது. ஆயுதத்துக்குத் தேவைப்படுவது சுமார் 90 சதவீதம், 60-லிருந்து அங்கே போவது குறுகிய தூரம்தான். ஆனால் ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்று அமெரிக்க உளவுத் துறையே அந்த மார்ச்சில் மதிப்பிட்டிருந்தது. ரஷ்யா, சீனா, அரபு நாடுகள் கண்டித்தன. ஜி-7 நாடுகளோ இஸ்ரேலுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்று அறிக்கை விட்டன. இதை 1981-ன் 15-க்கு 0 வாக்கோடு ஒப்பிட்டால் நெறி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது தெரியும்.

அடுத்த தாக்குதல் செய்தி வரும்போது எதைப் பார்ப்பது

பேட்டிகளை விட்டுவிட்டு, பாதுகாப்பு கவுன்சிலுக்கு அந்த நாடு அனுப்பிய பிரிவு 51 கடிதத்தைத் தேடுங்கள். ஐ.நா. ஆவணத் தொகுப்பில் ஆண்டும் வரிசை எண்ணும் போட்டு யாரும் படிக்கும்படி கிடைக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். முதலில் கடிதம் எந்தத் தாக்குதலைச் சுட்டுகிறது என்று பாருங்கள். தேதியும் இடமும் உள்ள ஒரு நிகழ்வா, "தொடர்ந்து வரும் அச்சுறுத்தல்" என்ற பொதுப்பேச்சா? பழைய தாக்குதல்களை நீளமாகப் பட்டியலிட்டு, வரப்போவதைப் பற்றி ஒரே வரியில் முடித்திருந்தால், எழுதியவரிடம் உடனடி ஆபத்துக்குச் சான்று குறைவு என்று ஊகிக்கலாம். ஏற்கெனவே முடிந்துபோன அடிக்குப் பதிலடி தற்காப்பு ஆகாது, அது பழிவாங்கல்.

அடுத்து தேவை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததா, ஆய்வாளர்கள் உள்ளே இருந்தார்களா, கவுன்சிலிடம் போக நேரம் இருந்ததா? மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த தாக்குதலுக்கு "யோசிக்க நேரமில்லை" என்ற வாதம் பொருந்தாது. அதன்பிறகு அளவு. ஏவுதளம்தான் ஆபத்து என்றால் ஏவுதளத்தோடு நின்றதா, ஆட்சி மாற்றம்வரை போனதா? இலக்கு எவ்வளவு விரிகிறதோ அந்த அளவுக்குத் தற்காப்பு வாதம் மெலியும். கூட்டுத் தற்காப்பு என்று சொன்னால், உதவி கேட்ட நாடு எது, அது உண்மையில் தாக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். கடிதமே அனுப்பவில்லையென்றால் அதனால் மட்டும் தாக்குதல் சட்டவிரோதம் ஆகிவிடாது. ஆனால் தற்காப்பு என்று தாங்களே நம்பவில்லையோ என்ற சந்தேகத்துக்கு அது இடம் கொடுக்கும் என்று நிகரகுவா தீர்ப்பில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எங்கே கோளாறாகிறது

உளவுத் தகவல் தவறுவது ஈராக்கில் எல்லோரும் பார்த்தது. அங்கே தகவல் இல்லாமல் போகவில்லை, ஒரே முடிவை நோக்கி வாசிக்கப்பட்டது. ஈராக் அதிபர் சதாம் ஆயுதங்களை மறைக்கிறார் என்று முன்பே முடிவு செய்துவிட்டால், ஆய்வாளர்கள் ஒன்றும் கண்டுபிடிக்காததும் மறைப்பதற்கு ஆதாரமாகிவிடும்.

தகவல் சரியாக இருந்து, குண்டும் குறி தவறாமல் விழுந்தாலும் வேறொரு கோளாறு காத்திருக்கிறது. ஒசிராக் அழிந்த பிறகு சதாம் அணுத் திட்டத்தைக் கைவிடவில்லை. கண்காணிப்பில் இருந்த உலையை விட்டுவிட்டு, மின்காந்த முறையில் யுரேனியம் பிரிக்கும் ரகசியத் திட்டத்துக்குத் திருப்பினார். அது எவ்வளவு பெரியது என்பது 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஆய்வாளர்கள் உள்ளே போனபோதுதான் தெரிந்தது. 2025-லும் ஈரான் ஜூலை தொடக்கத்தில் முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டத்தை அமலாக்கியது, செறிவூட்டிய யுரேனியம் எங்கே இருக்கிறது என்பதை ஆய்வாளர்களால் சரிபார்க்க முடியாமல் போனது. குண்டு போடுவதற்கு முன் கிலோ கணக்கில் தெரிந்திருந்த ஒரு விஷயம், போட்ட பிறகு ஊகமாகிவிட்டது. மூன்றாம் நாடுகள் கற்கும் பாடமும் உண்டு. அணுகுண்டு இல்லாத ஈராக் தாக்கப்பட்டது, அணுகுண்டு வைத்திருக்கும் வட கொரியா தாக்கப்படவில்லை.

தண்டனைப் பக்கம் மிகவும் மெலிந்தது. பாதுகாப்பு கவுன்சிலில் வீட்டோ உண்டு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் 2018 ஜூலை 17-லிருந்து வந்துவிட்டது, ஆனால் கவுன்சிலே அனுப்பிவைத்தால் தவிர, உறுப்பினரல்லாத நாடுகளின் தலைவர்களை அந்தக் குற்றத்துக்காக அது தொட முடியாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இஸ்ரேல், ஈரான் எதுவும் உறுப்பினர் இல்லை. சர்வதேச நீதிமன்றமோ இரு தரப்பும் அதன் அதிகாரத்தை ஏற்றிருந்தால்தான் வழக்கை எடுக்கும்.

அப்படி ஏற்றிருந்த வழக்கு ஒன்று உண்டு. 1998-ல் காங்கோவுக்குள் படை அனுப்பிய உகாண்டா, தன் பாதுகாப்பு நலன்களுக்காகச் செய்தது என்று சொன்ன காரணங்களில் பெரும்பகுதி தடுப்பு வகைதான் என்று நீதிமன்றம் கண்டது. உணரப்படும் பாதுகாப்பு நலன்களைக் காக்கப் படைபலத்தைப் பயன்படுத்த பிரிவு 51 இடம் தரவில்லை என்று 2005 டிசம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை முடிவாக இன்னும் பதினாறு வருடம் பிடித்தது. காங்கோ 1,100 கோடி டாலருக்கு மேல் கேட்டது. 2022 பிப்ரவரி 9 அன்று நீதிமன்றம் விதித்தது 32.5 கோடி டாலர், ஆண்டுக்கு 6.5 கோடி வீதம் ஐந்து தவணையில்.